ஒரே அதிர்ச்சி, இரண்டு எலிகள்: மன அழுத்தமும் செரோடோனினும் பற்றி ஸ்டீவன் மேயர் கண்டது

மன அழுத்தம் பற்றிப் பலரும் கேட்கும் கேள்வியில் மூன்று சங்கதிகள் இருக்கின்றன. மன அழுத்தம் வந்தால் மூளையில் செரோடோனின் (நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி கடத்தும் ஒரு ரசாயனம்) குறைகிறது, அதனால்தான் மனம் சோர்ந்துபோகிறது என்கிறார்களே, அது சரியா? ஒரே மாதிரி கஷ்டத்தில் ஒருவர் முடங்கிக் கிடக்க, இன்னொருவர் எழுந்து நடமாடுகிறாரே, அதற்கு மூளைக்குள் ஏதாவது காரணம் உண்டா? ரத்தப் பரிசோதனையில் செரோடோனின் அளவைப் பார்த்து இதைத் தெரிந்துகொள்ள முடியுமா?

முதலாவதுக்கு "அப்படிச் சொல்ல ஆதாரம் போதாது". மூன்றாவதுக்கு "முடியாது". இரண்டாவதுதான் சரக்குள்ள கேள்வி. அதற்குப் பதில் தேட ஸ்டீவன் மேயர் என்ற அமெரிக்க நரம்பியல் விஞ்ஞானியின் வேலையைப் பின்தொடர்ந்து போவதுதான் நல்ல வழி. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஒரே கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர். இளம் வயதில் தனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த கோட்பாட்டைக் கடைசியில் தானே தவறென்று எழுதியவரும்கூட. அறிவியலில் இது அடிக்கடி நடப்பதில்லை.

1960களில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மேயரும் மார்ட்டின் செலிக்மனும் ஆராய்ச்சி மாணவர்கள். 1967இல் இருவரும் சேர்ந்து ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நாய்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு மின்னதிர்ச்சி வரும். தலையால் பக்கத்துப் பலகையை அழுத்தினால் நின்றுவிடும். இரண்டாம் குழுவுக்கும் அதே அளவு அதிர்ச்சி, ஆனால் பலகையை அழுத்தினாலும் எதுவும் நடக்காது. மூன்றாம் குழுவுக்கு அதிர்ச்சியே இல்லை. பிறகு எல்லா நாய்களையும் நடுவில் குட்டையான தடுப்பு உள்ள பெட்டியில் விட்டார்கள். தடுப்பைத் தாண்டினால் தப்பித்துவிடலாம். முதல் குழுவும் மூன்றாம் குழுவும் சீக்கிரமே தாண்டக் கற்றுக்கொண்டன. இரண்டாம் குழுவில் பெரும்பாலான நாய்கள் தாண்டவே இல்லை. முனகிக்கொண்டு அப்படியே படுத்துக் கிடந்தன. (இன்றைய ஆராய்ச்சி நெறிமுறைக் குழு எதுவும் இதற்கு அனுமதி தராது. நியாயம்தான்.)

"நாம் என்ன செய்தாலும் பயனில்லை" என்று அந்த நாய்கள் கற்றுக்கொண்டுவிட்டன என்பதுதான் இருவரும் சொன்ன விளக்கம். கற்றுக்கொண்ட கையறுநிலை என்ற பெயரில் அது உளவியல் பாடப்புத்தகங்களுக்குள் போனது, மனச்சோர்வு நோய்க்கே விளக்கமாகவும் பேசப்பட்டது. செலிக்மன் மனிதர்களின் எண்ணப்போக்கை ஆராயும் பக்கம் நகர்ந்தார். மேயருக்கு அந்த விளக்கத்தில் ஒரு நெருடல் இருந்தது. கற்றுக்கொண்ட விஷயம் என்றால் மறக்க நாளாகும். ஆனால் எலிகளில் இந்த முடக்கம் சில நாட்களில் தானாகவே போய்விடுகிறது. அப்படியானால் உள்ளே நடப்பது வேறு ஏதோ. அவர் நரம்பியலைப் புதிதாகப் படித்துக்கொண்டு, கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் மூளைக்குள்ளேயே இறங்கினார்.

அங்கே அவர் பல ஆண்டுகள் பயன்படுத்திய சோதனை அமைப்பைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்னப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஓர் எலி, முன்னால் ஒரு சக்கரம். வால் பின்பக்கமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதில் மின்கம்பி. சராசரியாக நிமிடத்துக்கு ஒன்று வீதம் 100 அதிர்ச்சிகள். முதல் எலி முன்னங்காலால் சக்கரத்தைத் திருப்பினால் அதிர்ச்சி நிற்கும், அதே நொடியில் பக்கத்து எலிக்கும் நிற்கும். இரண்டாவது எலியின் சக்கரம் எதோடும் இணைக்கப்படவில்லை. முதல் எலி கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள, நிறுத்துவதற்குத் தேவையான சுற்றும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டப்படும். ஆக இரண்டு எலிகளும் பட்ட வலி நொடி பிசகாமல் ஒன்றே. ஒன்றுக்கு நிறுத்தும் வழி கையில் இருந்தது, மற்றதற்கு இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

மறுநாள் பார்த்தால் சக்கரம் கையில் இருந்த எலி கிட்டத்தட்ட சாதாரணமாக இருக்கும். சக்கரம் வேலை செய்யாத இரண்டாவது எலி, அதாவது இணை எலி, தப்பிக்க வழி இருந்தாலும் தப்பிப்பதில்லை. கூண்டுக்குள் ஒரு குட்டி எலியை விட்டால் வழக்கமாகப் பெரிய எலி ஓடிப்போய் முகர்ந்து பார்க்கும். இது ஒதுங்கியே நிற்கும். சின்ன மிரட்டலுக்கும் அளவுக்கு மீறிப் பயப்படும்.

இந்த இடத்தில் பலரும் "அப்படியானால் இணை எலிக்கு மன அழுத்த ஹார்மோன் அதிகம் சுரந்திருக்கும்" என்று நினைப்பார்கள். மேயர் குழு 1986இலேயே இதை அளந்து பார்த்தது. எலிகளில் நம் கார்டிசாலுக்குச் சமமான கார்ட்டிகோஸ்டிரோன் இரண்டு எலிகளுக்கும் ஏறியது ஏறக்குறைய ஒரே அளவுதான். கார்டிசாலைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பொடியும் மாத்திரையும் விற்பவர்கள் இந்த ஒரு முடிவைப் படித்தால் நன்றாக இருக்கும். கார்டிசால் ஒன்றும் செய்யாது என்று நான் சொல்லவரவில்லை. அது மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியில் போய்ப் பற்றிக்கொள்கிறது என்று ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தின் புரூஸ் மெக்கீவன் 1968இலேயே காட்டினார். நீண்ட நாள் அழுத்தம் அங்குள்ள நரம்பணுக்களின் கிளைகளைச் சுருங்க வைக்கிறது என்பதும் பிறகு தெரியவந்தது. ஆனால் முடங்கிய எலியையும் முடங்காத எலியையும் பிரித்துக் காட்டுவது கார்டிசால் இல்லை.

பிரித்துக் காட்டியது செரோடோனின். அதுவும் எதிர்பார்த்ததற்கு நேர்மாறான திசையில்.

மூளைத்தண்டின் நடுக்கோட்டில் டார்சல் ராஃபே என்று ஒரு சின்ன அணுக்கூட்டம் இருக்கிறது. முன்மூளைக்குப் போகும் செரோடோனினில் பெரும்பங்கு இங்கிருந்துதான் போகிறது. அதிர்ச்சி தொடங்கியதும் இரண்டு எலிகளுக்கும் இங்கே செரோடோனின் ஏறுகிறது. முதல் எலி சக்கரத்தின் சூட்சுமத்தைப் பிடித்ததும் அதற்கு இறங்கிவிடுகிறது. இணை எலிக்குக் கடைசிவரை உயர்ந்தே இருக்கிறது. அப்படி வழிந்தோடும் செரோடோனின் அமிக்டலா என்ற மூளைப் பகுதிக்குப் போய்ப் பயத்தைக் கூட்டுகிறது. தப்பி ஓடும் செயலை நடத்துகிற நடுமூளைப் பகுதிக்குப் போய் அதை அடக்குகிறது. அதிகப் பயம், குறைந்த ஓட்டம். நாய்களில் பார்த்தது இதைத்தான்.

அது ஏன் மறுநாளும் நீடிக்கிறது? ராஃபே அணுக்களின் மேலேயே சில ஏற்பிகள் (ரசாயனத்தைப் பிடித்து அணுவுக்குச் செய்தி சொல்பவை) உண்டு. தாங்கள் வெளியிட்ட செரோடோனின் அளவு மீறினால் "போதும்" என்று அணுவை அடக்குவது அவற்றின் வேலை. வெள்ளம் நெடுநேரம் ஓடினால் இந்த ஏற்பிகள் மரத்துப்போகின்றன. அடுத்த சில நாட்களுக்கு, சாதாரணமாக எந்த விளைவும் தராத ஒரு சின்ன விஷயத்துக்கும் (ஒரு குட்டி எலி உள்ளே வந்தால்கூட) ராஃபே அளவுக்கு மீறிப் பொங்குகிறது. ஏற்பிகள் பழைய நிலைக்கு வந்ததும் எலியும் பழைய நிலைக்கு வருகிறது. மேயரை உறுத்திய "சில நாட்கள்" கணக்கு இங்கேதான் சரியாக வந்தது. அதிர்ச்சி நேரத்தில் ராஃபேயை மட்டும் மருந்தால் அமைதிப்படுத்திப் பார்த்தார்கள். இணை எலி மறுநாள் முடங்கவில்லை.

ஆகவே "செரோடோனின் குறைவு = சோர்வு" என்ற சமன்பாட்டை இந்தச் சோதனைகளோடு பொருத்தவே முடியாது. இங்கே சிக்கல் மிகுதி. அதுவும் ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்து, குறிப்பிட்ட இடங்களுக்கு. மூளையில் செரோடோனினுக்கு 14 வகை ஏற்பிகள் தெரியவந்திருக்கின்றன. ஒரே ரசாயனம் ஓரிடத்தில் ஒன்றைத் தூண்டும், இன்னோரிடத்தில் அடக்கும். மொத்தமாக "கூடியது, குறைந்தது" என்று பேசுவதில் பொருளே இல்லை.

பிறகு அந்தக் குறைபாட்டுக் கதை எங்கிருந்து வந்தது? மருந்துகளிலிருந்து பின்னோக்கி வந்தது. 1950களில் காசநோய்க்குக் கொடுத்த இப்ரோனியாசிட் சில நோயாளிகளின் மனநிலையைத் தூக்கிவிட்டது. அது மூளையில் இந்த வகை ரசாயனங்களைக் கூட்டுவது தெரிந்ததும், நோய்க்குக் காரணம் அவற்றின் குறைவாக இருக்கலாம் என்று ஊகித்தார்கள். 1965இல் ஜோசப் ஷில்ட்கிராட் நார்அட்ரினலின் என்ற இன்னொரு மூளை ரசாயனத்தைச் சொன்னார், 1967இல் அலெக் கோப்பன் செரோடோனினைச் சொன்னார். இருவரும் அதைக் கருதுகோளாகத்தான் முன்வைத்தார்கள். 1987இல் அமெரிக்காவில் ஃப்ளுவாக்செட்டின் என்ற, செரோடோனினைக் கூட்டும் மனச்சோர்வு மாத்திரைக்கு அனுமதி கிடைத்த பிறகு, கருதுகோள் விளம்பர வாசகமாக மாறியது. 2022இல் லண்டனில் ஜோவன்னா மான்கிரீஃப் குழு அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, மனச்சோர்வுக்குச் செரோடோனின் குறைவே காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றது.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடக் கூடாது. குறைபாடு காரணமில்லை என்பதும் மருந்து வேலை செய்யாது என்பதும் வேறு வேறு. இந்த மாத்திரைகள் நரம்பு இடைவெளியில் செரோடோனினைச் சில மணி நேரத்தில் கூட்டிவிடுகின்றன. குணம் தெரிய வாரக்கணக்கில் ஆகிறது. அந்த வாரங்களில் ஏற்பிகளும் நரம்பு இணைப்புகளும் மாறுவதுதான் பலன் தருகிறது என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, பதற்றம் என்று வேறு தொல்லைகள் வரலாம். நிறுத்துவதானாலும் குறைப்பதானாலும் மருத்துவரோடு பேசித்தான் செய்ய வேண்டும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ராஃபே சின்னஞ்சிறு அணுக்கூட்டம். "சக்கரத்தைத் திருப்பினேன், வலி நின்றது, இரண்டுக்கும் தொடர்பு உண்டு" என்று கணக்குப் போடும் திறமை அதற்குக் கிடையாது. அப்படியானால் யாரோ அதற்குச் செய்தி சொல்ல வேண்டும். நரம்பு இழைகளைப் பின்தொடர்ந்து போனால், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணியின் உள்-கீழ்ப் பகுதியிலிருந்து ராஃபேக்கு அடர்த்தியான பாதை வருகிறது. அந்த இழைகள் அங்கே செரோடோனின் அணுக்களைத் தொடுவதைவிட, அவற்றை அடக்கிவைக்கும் காபா அணுக்களையே அதிகம் தூண்டுகின்றன. அதாவது கடிவாளம் புறணியின் கையில் இருக்கிறது.

ஹோசே அமாட்டும் மேயரும் மற்றவர்களும் 2005இல் வெளியிட்ட சோதனை இதைத்தான் பிடித்தது. சக்கரம் கையில் இருக்கும் எலியை எடுத்துக்கொண்டார்கள். அதிர்ச்சிக்கு முன் முன்மூளைப் புறணியின் அந்தப் பகுதியில் மட்டும் மசிமால் என்ற மருந்தைச் செலுத்திச் சில மணி நேரம் செயலற்றதாக்கினார்கள். எலி என்ன செய்தது? சக்கரத்தை வழக்கம்போலவே திருப்பக் கற்றுக்கொண்டது. ஒவ்வொரு அதிர்ச்சியையும் தானே நிறுத்தியது. வெளியிலிருந்து பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. ஆனால் அதன் ராஃபே இணை எலியின் ராஃபே போலவே பொங்கியது. மறுநாள் அதுவும் முடங்கியது. வலியை நிறுத்தும் வழி கையில் இருந்தும், உண்மையிலேயே நிறுத்தியும், அந்தச் செய்தி மேலிருந்து கீழே போகாததால் பாதுகாப்புக் கிடைக்கவில்லை.

2008இல் எதிர்ப்பக்கத்தையும் செய்துகாட்டினார்கள். எந்தக் கட்டுப்பாடும் இல்லாத இணை எலிக்கு, அதிர்ச்சி நேரத்தில் அந்தப் புறணிப் பகுதியை மருந்தால் தூண்டிவிட்டார்கள். அதன் சக்கரம் அப்போதும் வெறும் சக்கரம்தான். எலி முடங்கவில்லை.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பழைய கோட்பாடு தலைகீழாகிறது. நீண்ட நேரம் தொடரும் துன்பத்துக்கு மூளையின் இயல்பான முதல் பதில் முடங்குவதுதான். அதை யாரும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. மூளைத்தண்டு தானாகச் செய்கிறது. கற்றுக்கொள்ள வேண்டியது "என் செயலால் இது மாறுகிறது" என்பதை, கற்றுக்கொள்வது புறணி, கற்றதும் அது மூளைத்தண்டை அடக்குகிறது. 2016இல் மேயரும் செலிக்மனும் மறுபடி சேர்ந்து எழுதிய ஐம்பதாண்டுக் கட்டுரையில், தாங்கள் அன்று சொன்ன கோட்பாடு விஷயத்தைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தது என்று வெளிப்படையாகவே எழுதினார்கள்.

தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது கேள்வியை நேரடியாகத் தொடுகிற சோதனை 2006இல் வந்தது. முதலில் எலிக்கு நிறுத்தக்கூடிய அதிர்ச்சி. சில நாள் கழித்து அதே எலிக்கு நிறுத்தவே முடியாத அதிர்ச்சி. முடங்க வேண்டிய எலி முடங்கவில்லை. முதல் அனுபவத்துக்குப் பிறகு, கட்டுப்பாடே இல்லாத துன்பத்திலும் அதன் புறணி விழித்துக்கொண்டு ராஃபேயை அடக்குகிறது. முதல் அனுபவத்தின்போது புறணியில் புதுப் புரதம் உருவாவதைத் தடுத்துவிட்டால் இந்தக் காப்பு ஏற்படுவதில்லை, ஆகவே அது அங்கே பதியும் நினைவு. வால் அதிர்ச்சியில் கிடைத்த காப்பு, வேறோர் எலியிடம் அடிபட்டுத் தோற்கும் முற்றிலும் வேறு வகைத் துன்பத்திலும் உதவியது. ஒரே கஷ்டத்தில் இருவர் இரண்டு விதமாக இருப்பதற்கு முன்னனுபவம் ஒரு காரணம் என்று நான் ஊகிப்பது இதை வைத்துத்தான். மரபணு, குழந்தைப் பருவம், உடல்நோய், தூக்கம், பக்கத்தில் இருக்கும் மனிதர்கள் என்று வேறு காரணங்களும் வரிசையாக உண்டு. ஒன்று மட்டும் சொல்வேன்: முடங்கியவரைப் பார்த்து "மனத்தைரியம் இல்லை" என்பது இந்த உயிரியலுக்குப் பொருந்தாத பேச்சு.

மனிதர்களிடம் இதைப் பார்த்திருக்கிறார்களா? மறைமுகமாக. 1960களின் கடைசியில் டேவிட் கிளாஸும் ஜெரோம் சிங்கரும் ஆட்களை உட்காரவைத்துக் காது கிழியும் இரைச்சலைப் போட்டார்கள். ஒரு பகுதியினரிடம் ஒரு பொத்தானைக் காட்டி, "தாங்க முடியாவிட்டால் அழுத்துங்கள், நின்றுவிடும், அழுத்தாமல் இருந்தால் எங்களுக்கு நல்லது" என்றார்கள். இரைச்சல் எல்லோருக்கும் ஒன்றே. பிறகு கொடுத்த தீர்க்க முடியாத புதிர்களில், பொத்தான் இருந்தவர்கள் அதிக நேரம் விடாமல் முயன்றார்கள். அழுத்தாத பொத்தானுக்கே அந்தப் பலன். 2012இல் பாம்புப் பயம் உள்ளவர்களின் மூளையை ஸ்கேன் செய்தபோது, பாம்புக் காட்சியை நிறுத்தும் வசதி தங்களிடம் இருக்கிறது என்று தெரிந்த நேரங்களில் அதே முன்மூளைப் பகுதி கூடுதலாக இயங்கியது. பிரிட்டிஷ் அரசு ஊழியர்களிடம் மைக்கேல் மார்மட் குழு நடத்திய நெடுங்கால ஆய்வில், வேலையில் தன் முடிவுக்கு இடமில்லாதவர்களுக்கு இதயநோய் அதிகம் என்று 1997இல் வெளிவந்தது; அது புள்ளிவிவரத் தொடர்புதான், காரணத்தை நிரூபிப்பதாகாது.

இவற்றைக் காட்டி "நேர்மறையாக நினை, எல்லாம் உன் கையில்" என்று பேசுபவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். எலி நேர்மறையாக நினைத்துத் தப்பவில்லை. அதன் சக்கரம் உண்மையிலேயே வேலை செய்தது.

இந்த ஆராய்ச்சியின் பெரிய ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகள் இந்தச் சோதனைகள் பெரும்பாலும் ஆண் எலிகளிடமே நடந்தன. அதே ஆய்வக மரபில் வந்த மைக்கேல் பராட்டா குழு 2018இல் பெண் எலிகளைச் சோதித்தது. அவையும் சக்கரத்தை நன்றாகவே திருப்பக் கற்றுக்கொண்டன. ஆனால் மறுநாள் பாதுகாப்புக் கிடைக்கவில்லை, கட்டுப்பாடு இருந்தும் இல்லாதவை போலவே நடந்துகொண்டன. மனச்சோர்வும் பதற்ற நோய்களும் பெண்களிடம் அதிகம் காணப்படும் நிலையில் இதை அடிக்குறிப்பாகத் தள்ளிவிட முடியாது. இன்னொரு வரம்பும் உண்டு: எலியின் சில நாள் முடக்கத்தை, மாதக்கணக்கில் வாட்டும் மனித மனச்சோர்வோடு ஒன்றாக வைக்க முடியாது.

கட்டுப்பாடு கிடைக்காத இடத்தில் வேறு வழி உண்டா என்றால், உடற்பயிற்சிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. மேயர் இருந்த அதே கொலராடோ பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் கிரீன்வுட், மோனிகா ஃப்ளெஷ்னர் இருவரும் எலிகளை ஆறு வாரம் இஷ்டம்போல் ஓட்டச்சக்கரத்தில் ஓடவிட்டார்கள். பிறகு தப்ப முடியாத அதிர்ச்சி வந்தபோது அவை முடங்கவில்லை. விசித்திரம் என்னவென்றால், அந்தப் புறணிப் பகுதியைச் சேதப்படுத்தினாலும் இந்தப் பலன் குறையவில்லை. ஓட்டச்சக்கரத்தைக் கட்டாயமாகச் சுழற்றி ஓடவைத்த எலிகளுக்கும் பலன் கிடைத்தது. அதாவது ஓட்டம் வேறு பாதையில் போய் அதே ராஃபேயை அடக்குகிறது.

கடைசியாக ரத்தப் பரிசோதனை. உடலின் செரோடோனினில் சுமார் 90 சதவீதம் குடலில் உருவாகிறது. ரத்தத்தில் இருப்பது பெரும்பாலும் தட்டணுக்களுக்குள் இருக்கிறது. அது ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டி உள்ளே போவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ஆகவே ஆய்வகச் சீட்டில் வரும் எண் உங்கள் மனநிலையைப் பற்றி எதுவும் சொல்லாது. குடலிலும் நுரையீரலிலும் வரும் ஒரு வகைக் கட்டியைச் சந்தேகிக்கும்போது மருத்துவர்கள் அந்தப் பரிசோதனையை எழுதித் தருவதுண்டு. மனச்சோர்வுக்காக என்றால் அதற்குப் பணம் கட்ட வேண்டாம். அந்த நேரத்தில் மனநல மருத்துவரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள்.